கார் என்ன கலர்? ஒஸ்லோ உப்பைக் கேட்டுச் சொல்லுங்கோ

போன ஒக்டோபரில் எங்கள் வீட்டில் மூன்று கிழமை பேச்சுவார்த்தை நடந்தது. எந்தக் கார் என்பதில் பிரச்சினை இல்லை. அது இரண்டு நாளில் முடிந்துவிட்டது. நோர்வேயில் 2024ஆம் ஆண்டு விற்ற புதுக் கார்களில் கிட்டத்தட்ட 89 சதவீதம் முழு மின்சாரக் கார்கள். எங்கட ஆட்கள் கூடுதலாக இருக்கும் ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் எந்தத் தமிழ் வீட்டு வாசலைப் பார்த்தாலும் அதே மூன்று நான்கு மொடல்கள்தான். விலையும் பற்றரியும் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்று. ஆளாளுக்கு வித்தியாசமாக எடுக்கக்கூடியது கலர் மட்டும்தான். அதனால்தானோ என்னவோ எல்லாரும் அதில் வந்து கருத்துச் சொல்கிறார்கள்.

நண்பன் ஒருவன், "மச்சான், கறுப்பு எடு. கறுப்பெண்டால்தான் ஒரு எடுப்பு" என்றான். யாழ்ப்பாணத்தில் இருந்து மாமா வட்ஸ்அப்பில் வந்தார். "தம்பி, கறுப்பு வேண்டாம், அது சனீஸ்வரன்ர நிறம். வெள்ளையா எடுங்கோ, மங்களமா இருக்கும்" என்றார். மனுசியும் வெள்ளைப் பக்கம். எட்டு வயது மகளுக்குச் சிவப்பு வேண்டும். நான் சாம்பல் என்றேன். "சாம்பலோ? செத்த வீட்டுக்குப் போற கார் மாதிரி" என்று மனுசி சிரித்தார்.

நான் சாம்பலுக்கு ஏன் பிடிவாதம் பிடித்தேன் என்பதைத்தான் எழுத வந்தேன். இங்கே பனிக்காலம் ஒன்றைக் கறுப்புக் காரோடு கழித்தவர்களுக்கு விளங்கும். புதிதாக வந்தவர்களும் முதல் கார் எடுக்கப்போகும் பிள்ளைகளும் ஒருக்கால் வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

என் முந்தைய கார் கறுப்பு. ஷோரூமில் நிற்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது. அம்மரூட் முருகன் கோயிலில் அர்ச்சனை செய்து, ரயருக்குக் கீழே தேசிக்காய் வைத்து, படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினோம். அது ஓகஸ்ட் மாதம். நவம்பர் வந்தது. அதற்குப் பிறகு ஏப்ரல் வரைக்கும் அந்தக் கார் கறுப்பாக இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம்.

காரணம் எளிது. நோர்வேயில் ஒவ்வொரு பனிக்காலமும் வீதிகளில் இரண்டு லட்சம் தொன்னுக்கு மேல் உப்புக் கொட்டுகிறார்கள். நாங்கள் கறிக்குப் போடும் அதே சோடியம் குளோரைட்டுத்தான். உப்புத் தண்ணி பூச்சியத்தில் உறையாது, அதனால் வீதி வழுக்காது. ஆனால் அந்தத் தண்ணி முன்னால் போகும் லொறியின் ரயரில் இருந்து எங்கட காரின் மேல் தெறிக்கிறது. காய்ந்ததும் வெள்ளையாகப் படிகிறது. இதோடு ஆணி ரயர். தென் நோர்வேயில் நவம்பர் 1 தொடக்கம் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு வரை அதற்கு அனுமதி உண்டு. அந்த ஆணிகள் தாரை அராவி எடுக்கும் தூசிதான் இந்த நகரத்தின் பனிக்காலக் காற்றைக் கெடுக்கிறது. 1999இல் ஒஸ்லோவில் ஆணி ரயருக்குக் கட்டணம் கொண்டு வந்தார்கள், 2001இல் எடுத்தார்கள், 2004இல் திரும்பக் கொண்டு வந்தார்கள். தூசியை அடக்க வீதியில் மக்னீசியம் குளோரைட்டுக் கரைசலும் தெளிக்கிறார்கள். அது காற்றுக்கு நல்லது. ஆனால் வீதி எப்போதும் ஈரமாக, பிசுபிசு என்று இருக்கும்.

ஆக, ஒஸ்லோவின் ஊத்தைக்கு ஒரு நிறம் இருக்கிறது. காய்ந்தால் வெளிறிய சாம்பல், ஈரமாக இருந்தால் கபிலம் கலந்த சாம்பல். ஊத்தை கண்ணுக்குத் தெரிவது காரின் நிறத்துக்கும் ஊத்தையின் நிறத்துக்கும் உள்ள வித்தியாசத்தால். கறுப்பில் உப்பு ஒரு துளி காய்ந்தாலும் வெள்ளைப் புள்ளி. கடும் நீலமும் கடும் பச்சையும் இதே கதைதான். வெள்ளையில் உப்புத் தெரியாது, ஆனால் கதவின் கீழ்ப்பாதியும் பின்பக்கமும் சேறு பூசின மாதிரி இருக்கும். மார்ச் மாதத்தில் தார்ப் புள்ளிகளும் துருப் புள்ளிகளும் ஒவ்வொன்றாகத் தெரியும். சில்வர், இளஞ்சாம்பல் போன்ற நடு நிறங்கள்தான் இரண்டையும் மறைக்கும். மெட்டாலிக் பெயின்ற் என்றால் இன்னும் நல்லது. அதன் மினுக்கத்தில் சின்னக் கீறல்களும் அவ்வளவு தெரியாது.

இதே கணக்கை ஊரில் போட்டால் வேறு விடை வரும். வலிகாமத்துச் செம்மண் ஒழுங்கைக்குள் சில்வர் காரைக் கொண்டுபோய்ப் பாருங்கள், ஒரு மழையோடு செங்கல் நிறம். அங்கே கபிலமும் மண்ணிறமும்தான் வசதி. ஆகவே என் விதி இதுதான்: நீங்கள் ஓடும் வீதியின் ஊத்தை என்ன நிறமோ, அதற்குக் கிட்டின நிறத்தில் கார் எடுங்கள். டுபாயில் இருக்கும் அண்ணனிடமோ ரொரன்ரோவில் இருக்கும் மச்சாளிடமோ கேட்டு ஒஸ்லோவுக்குக் கலர் முடிவு செய்யாதீர்கள்.

"கழுவினால் போச்சு, இதுக்கு இவ்வளவு கதையோ" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஊரில் என்றால் கிணற்றடியில் ஒரு வாளி தண்ணி, ஒரு பழந்துணி. இங்கே மைனஸ் எட்டில் தண்ணி ஊற்றினால் கதவு ஒட்டிக்கொள்ளும், சார்ஜ் மூடி திறக்காது. வீட்டு வாசலில் கழுவுவதும் பிழை. உப்பு, எண்ணெய், உலோகத் துகள் எல்லாம் மழைநீர்க் கானுக்குள் போய், அங்கிருந்து அல்னா ஆற்றுக்கோ ஆக்கெர்செல்வாவுக்கோ, கடைசியில் கடலுக்கோ போய்ச் சேரும். அப்போ காசு கொடுத்துக் கழுவ வேண்டும். கறுப்புக் கார் வைத்திருந்த காலத்தில் கிழமைக்கு ஒருக்கால், முறைக்கு இருநூற்றைம்பது குரோனர் அளவில் கொடுத்தேன். இருபது கிழமைக்கு ஐயாயிரம் குரோனர். கழுவி வெளியே வந்து ரிங் 3இல் ஏறினால் இருபது நிமிசத்தில் பழையபடி. பிரஷ் போட்டுக் கழுவும் மெசினின் வட்டக் கீறல்கள் மே மாத வெயிலில் சிலந்தி வலை மாதிரித் தெரிந்தன.

பிறகு நண்பர்கள் சொல்லி ஒரு மலிவான கைக்கழுவல் இடத்துக்குப் போனேன். பாதி விலை. ஜனவரி மாதம், வெளியே கடும் குளிர். கதவு திறந்தபடி இருந்த கராஜ். இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெடியன், நனைந்த மெல்லிய கையுறையோடு என் காரின் சில்லைத் தேய்த்துக்கொண்டிருந்தான். எங்கட பக்கத்து முகம் இல்லை, ஆனால் எங்களைப் போல எங்கிருந்தோ வந்த முகம். விறைத்த விரலை வாயால் ஊதினான். சம்பளம் எவ்வளவு, எத்தனை மணித்தியாலம் என்று நான் கேட்கவில்லை. கார்ட் தரவில்லை, காசாக வாங்கினார்கள், ரசீதும் இல்லை. எனக்கு விளங்கியது. விளங்காத மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

2022 தொடக்கம் நோர்வேயில் கார் கழுவும், ரயர் மாற்றும் இடங்களுக்கு வேலைச்சூழல் கண்காணிப்பகமான ஆர்பைட்ஸ்தில்சீனெத்தின் அனுமதி கட்டாயம். அனுமதி இல்லாத இடத்தில் சேவை வாங்குவதும் சட்டப்படி பிழை. அனுமதி பெற்ற இடங்களின் பட்டியலை அவர்களின் இணையத்தளத்தில் ஒரு நிமிசத்தில் தேடலாம். அந்தத் துறையில் ஆட்களைச் சுரண்டுவது பெருகியதால்தான் இந்தச் சட்டமே வந்தது.

எங்களுக்கு இது புதுக் கதை இல்லையே. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த எங்கட அண்ணன்மாரும் அக்காமாரும் பின்மார்க் பக்கம் மீன் தொழிற்சாலைகளில் கை விறைக்க நின்றவர்கள். ஒஸ்லோவில் கந்தோர் துடைத்தவர்கள். அவர்கள் நின்ற இடத்தில்தான் இன்றைக்கு நான் மடிக்கணினியோடு இருக்கிறேன். அந்த வேலையில் வெட்கம் இல்லை. ஆனால் அந்த வேலை செய்யும் இன்னொருவனின் கூலியை அமுக்கித்தான் என் கார் மினுங்க வேண்டும் என்றால், அதில் எனக்கு வெட்கம் இருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு வந்த புத்தி, குறைவாகக் கழுவக்கூடிய காராக எடுப்பது, கழுவுவதென்றால் நியாயமான இடத்தில் கழுவுவது.

சாம்பலுக்கு எதிராகவும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைக்கக்கூடாது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பகல் வெளிச்சத்தில் வெள்ளைக் கார்களை விடக் கறுப்பு, சாம்பல், சில்வர் கார்கள் கூடுதலாக விபத்தில் சிக்கியது தெரிந்தது. ஒஸ்லோவின் நவம்பர் மாதமே ஒரு பெரிய சாம்பல் நிறம்தான். அதற்குள் சாம்பல் கார் கரைந்துவிடும். பனி மூடிய நாளில் வெள்ளைக் காருக்கும் அதே நிலைமைதான். மருந்து லைற். இங்கே பகலிலும் முன் லைற் கட்டாயம். ஆனால் பல கார்களில் பகல் லைற் எரியும்போது பின் லைற் எரியாது. புகாரிலும் பனி தூறும்போதும் கையால் முழு லைற்றையும் போடுங்கள். இன்னொன்று, கலர் ஊத்தையை மறைக்கும், உப்பை மறைக்காது. உப்பு கீழ்ப்பக்கம் இருந்து அரித்துக்கொண்டேதான் இருக்கும். மாதத்தில் ஒரு தரமாவது, பூச்சியத்துக்கு மேல் வெப்பநிலை இருக்கும் நாளாகப் பார்த்து, அடிப்பக்கமும் சேர்த்துக் கழுவுங்கள். லைற், நம்பர் பிளேட், பின் கமரா மூன்றையும் ஓடும் ஒவ்வொரு நாளும் துடையுங்கள்.

இனி வெள்ளை. மாமாவும் மனுசியும் கேட்டது அதைத்தான். உண்மையைச் சொன்னால் வெள்ளை எடுத்திருக்கலாம். சாம்பலுக்கு அடுத்த இடம் அதற்குத்தான். நாங்கள் பார்த்த மொடலில் வெள்ளைக்கு மேலதிகக் காசும் இல்லை. நான் மேசையில் சொன்ன காரணங்கள் உப்பு, சேறு, தார்ப் புள்ளி. எல்லாம் சரிதான். ஆனால் எல்லாமே அவ்வளவுதான் இல்லை.

2008இல் நான் மொறட்டுவையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். சனி ஞாயிறுகளில் வெள்ளவத்தையில் சித்தி வீட்டுக்கு வருவேன். காலி வீதியில் பின்னால் வரும் வெள்ளை வான் ஒன்று வேகத்தைக் குறைத்தால், கால் தானாகக் கடைப் பக்கம் திரும்பும். உள்ளே போய் வேண்டாத சாமானுக்கு விலை கேட்டுக்கொண்டு நிற்பேன், வான் போகும் வரைக்கும். அது பெரும்பாலும் பாண் கொண்டு போகும் வானாகத்தான் இருந்திருக்கும். ஆனால் வெள்ளை வானில் ஏற்றப்பட்ட எத்தனையோ பேர் திரும்பி வரவே இல்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் போராட்டம் தொடங்கிய அம்மாமார், இன்னும் பிள்ளைகளின் படத்தை வைத்துக்கொண்டு விடை கேட்கிறார்கள். விடை தெரியாமலே கண் மூடியவர்களும் அவர்களில் உண்டு.

இங்கே வெள்ளை வான் என்றால் குழாய் திருத்த வருபவர், பார்சல் கொண்டு வருபவர். என் மகளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "வெள்ளை ஏன் வேண்டாம் அப்பா?" என்று கேட்டாள். உப்பைச் சொல்லித் தப்பினேன். அவள் சரி என்று போய்விட்டாள். மனுசி மட்டும் என்னை ஒரு முறை பார்த்தார், அதற்குப் பிறகு வெள்ளையைப் பற்றிக் கதைக்கவில்லை.

கார் வேறு, வான் வேறு என்று எனக்குத் தெரியும். தமிழர் எவரும் வெள்ளைக் கார் எடுக்கக்கூடாது என்று சொல்லவும் வரவில்லை. ஒஸ்லோவில் எங்கட ஆட்கள் எத்தனையோ பேர் வெள்ளைக் கார் வைத்திருக்கிறார்கள், சந்தோசமாக ஓடுகிறார்கள். ஓடட்டும். நான் சொல்ல வந்தது எங்கட பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுக்கும் காரணங்களைப் பற்றி. காசுக் கணக்கு, கழுவுற கணக்கு, ரயர்க் கணக்கு எல்லாம் சொல்லிக் கொடுக்கிறோம். மற்றதை உப்புக்குள் ஒளித்து வைக்கிறோம். பிறகு, பிள்ளைகளுக்கு ஊர் வரலாறு தெரியவில்லை என்று மேடையில் ஏறி அழுகிறோம்.

சாம்பல் கார் நவம்பரில் வந்தது. இந்தப் பனிக்காலம் நான்கு முறைதான் கழுவினேன், நான்கும் அனுமதி பெற்ற இடத்தில். கோயில் வாசலில் நிற்கும்போது அதன் மேல் எவருக்கும் கண் போகவில்லை. நாவூறு கழிக்கும் வேலையும் மிச்சம் என்று மனுசி சொல்கிறார். மகளுக்கு இன்னும் மற்றக் காரணத்தைச் சொல்லவில்லை. அவளுக்கு இந்தக் கோடையோடு ஒன்பது வயது. ஊருக்குப் போகிறோம், கிளிநொச்சியைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே இறங்கிச் சொல்வதாக இருக்கிறேன்.