நன்றி சொல்லுதலும் நன்றி அறிதலும்

சென்ற ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றின் ஆர்.சி. தொடக்கப்பள்ளியில் நடைபெற்ற ஆண்டிறுதி நன்றித் திருப்பலிக்கு நாங்கள் நால்வர் சென்றிருந்தோம். எங்களுள் ஒருவர் அப்பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். மற்ற மூவருக்கும் கத்தோலிக்கச் சமயத்தோடு தொடர்பில்லை. நண்பரின் அழைப்பும் கடற்கரையைக் காணும் ஆவலுமே எங்களை அங்கே கொண்டுசேர்த்தன. ஊரின் பெயரும் பள்ளியின் பெயரும் இங்கே தேவையில்லை. நாங்கள் சொல்லப்போவது அந்த ஒரு பள்ளியைப் பற்றியது மட்டுமன்று.

கோவிலை ஒட்டிய ஓட்டுக் கட்டடம். பங்குத்தந்தையே தாளாளர். தலைமையாசிரியை ஓர் அருட்சகோதரி. ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து ஐம்பதுக்கும் குறைவான பிள்ளைகள். அவர்களில் கணிசமானோர் கத்தோலிக்கர் அல்லர். மறைக்கல்வி வகுப்பின்போது அவர்களுக்கு நீதிபோதனை நடக்கும். ஆயினும் நன்றித் திருப்பலிக்கு எல்லாப் பிள்ளைகளும் வந்திருந்தனர். ஊர் முதியவர்கள் அதனை இன்னமும் 'பூசை' என்றே சொல்கிறார்கள்.

வழக்கமாகத் திருப்பலியின் நடுவே வாசிக்கப்படும் மன்றாட்டுகள் அச்சிட்ட புத்தகத்திலிருந்து எடுக்கப்படுபவை. திருச்சபைக்காக, நாட்டுத் தலைவர்களுக்காக, நோயாளிகளுக்காக என்று ஓர் ஒழுங்கில் செல்பவை. இவ்வாண்டு ஐந்தாம் வகுப்பு ஆசிரியை புதிதாக ஒன்றைச் செய்திருந்தார். பள்ளியை விட்டுப் போகும் பிள்ளைகள் ஒவ்வொருவரும், தாங்கள் யாருக்கு நன்றி சொல்ல விரும்புகிறார்கள் என்பதைத் தாங்களே எழுதிவந்து வாசிக்க வேண்டும். ஒரு சிறுவன், "வெள்ளத்துல எங்க பாட்டிய வள்ளத்துல ஏத்திட்டு வந்த மாமாவுக்காக" என்றான். 2023 டிசம்பரில் அம்மாவட்டம் நீரில் மூழ்கியபோது கடற்கரையிலிருந்து படகுகளைக் கொண்டுபோய் உள்ளூர் மக்களை மீட்டவர்கள் மீனவர்கள் என்பது நினைவுக்கு வந்தது. இன்னொருத்தி, மாலையில் அம்மா வரும்வரை தன்னோடு காத்திருக்கும் டீச்சருக்காக மன்றாடினாள். மூன்றாவதாக வந்த சிறுமியின் குரல் ஒலிபெருக்கியில்கூடச் சரியாகக் கேட்கவில்லை. "முட்டை கீழ விழுந்துட்டா திட்டாம வேற முட்டை தர்ற சத்துணவு அக்காவுக்காக" என்று அவள் சொன்னாள். கோவிலில் ஒரு சிறு சிரிப்பலை எழுந்து அடங்கியது. எங்கள் நண்பர் தலையைக் குனிந்துகொண்டார்.

திருப்பலிக்குப் பின் பள்ளி முற்றத்தில் கூட்டம். மேடையில் ஆறு நாற்காலிகள். குறிப்பேடுகள் வழங்கிய ஒருவருக்கும், மின்விசிறி வாங்கித் தந்த ஒருவருக்கும், ஊர்ப் பெரியவர்கள் சிலருக்கும் பொன்னாடை. நன்றியுரை இருபது நிமிடம் நீண்டது. இடையில் பிள்ளைகளை எழுந்து நிற்கச் செய்து, குறிப்பேடு தந்தவருக்கு ஒரே குரலில் நன்றி சொல்ல வைத்தார்கள். அவர் நல்லவர், கூச்சத்தோடு கைகூப்பினார். இத்தனையும் நடக்கையில் அந்தச் சமையலர் முற்றத்தின் மறுகோடியில், சமையற்கூடத்துக் கதவருகே முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றிருந்தார். அரைமணி நேரத்துக்கு முன் கோவிலில் ஒரு குழந்தையால் நினைக்கப்பட்டவர், அக்குழந்தையின் பள்ளி நடத்திய நன்றிக் கூட்டத்தில் பெயரளவிலும் நினைக்கப்படவில்லை. யாரும் வேண்டுமென்றே அவரை விட்டுவிட்டதாக நாங்கள் கருதவில்லை. யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எங்களை உறுத்தியது.

*

திருக்குறளின் பதினோராம் அதிகாரத்தின் தலைப்பைப் பள்ளிப் பருவத்திலேயே நாம் எல்லோரும் மனனம் செய்திருக்கிறோம். 'செய்ந்நன்றி அறிதல்'. பழந்தமிழில் நன்றி என்பது நன்மையைக் குறித்த சொல். செய்யப்பட்ட நன்மை ஒன்று இருக்கிறது. அதை அறிவதுதான் பெற்றவரின் கடமை. அந்தத் தலைப்பில் 'சொல்லுதல்' இல்லை. காலப்போக்கில் நன்மைக்குரிய சொல், அதற்கு மாற்றாக நாம் உதிர்க்கும் சொல்லாகச் சுருங்கிப்போயிற்று. இன்று நன்றி என்றால் வாயால் சொல்வது. முடிந்தால் ஒலிபெருக்கியில் சொல்வது.

கத்தோலிக்கரின் வழிபாட்டிலும் இதற்கு இணையான ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. தமிழில் நற்கருணை என்று வழங்கும் சடங்கின் கிரேக்கப் பெயரான யூக்கரிஸ்தியா என்பதற்கு நன்றி செலுத்துதல் என்றே பொருள். அச்சொல்லைப் பிரித்தால், நல்ல என்று பொருள்படும் முன்னொட்டும், அருள் அல்லது கருணை என்று பொருள்படும் பகுதியும் கிடைக்கும். நல் என்பதும் கருணை என்பதும் சேர்ந்த தமிழ்ச்சொல் அதனோடு உறுப்புக்கு உறுப்புப் பொருந்தி நிற்பது வியப்பளிக்கிறது. அவ்வகையில் பார்த்தால் கத்தோலிக்கரின் ஒவ்வொரு திருப்பலியும் நன்றித் திருப்பலியே. ஆண்டிறுதியில் தனியாக ஒன்றை நடத்தும் பள்ளி, அவ்வாண்டில் தனக்கு வந்துசேர்ந்த நன்மைகள் யார் யார் கைவழியே வந்தன என்பதை அறிந்துகொள்ளும் கடமையையும் கூடவே ஏற்கிறது என்றுதானே கொள்ள வேண்டும்?

இந்தக் கடற்கரையின் வரலாறும் அதையே வலியுறுத்துகிறது. பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழறியாத அவர், இரு மொழியும் தெரிந்த உள்ளூர்க்காரர்களைக் கூட்டிவைத்துச் செபங்களைத் தமிழாக்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருக்களில் நடந்து பிள்ளைகளைத் திரட்டிக் கற்பித்ததாக 1544இல் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் கூறுகிறார். கற்றதை வீட்டில் தாய்தந்தையருக்குச் சொல்லிக்கொடுக்கும்படி பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டதாகவும் அதில் எழுதியுள்ளார். இப்பகுதியின் ஆர்.சி. பள்ளிகளுக்கு ஒரு தொல்வடிவம் உண்டென்றால் அது அந்த மணியோசைதான். பின்னர் 1578இல் அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. சவேரியாரின் பெயரில் ஊருக்கு ஊர் கோவில் உண்டு. அண்டிரிக்கின் பெயர் தமிழ் அச்சு வரலாற்றில் உண்டு. அவர்களுக்குச் சொல்லுக்குச் சொல் தமிழ் தந்த உள்ளூர்க்காரர்களையும், வீட்டுத் திண்ணையில் தாய்க்குச் செபம் சொல்லிக்கொடுத்த சிறுவரையும் எந்த நன்றியுரையிலும் நாம் கேட்டதில்லை. மேடைக்கு வராதவர்களை மறப்பது பழைய நோய் போலும்.

*

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும், நியாயமான மறுப்புத்தான். அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியர் ஊதியத்தை அரசு தருகிறது; ஓட்டை மாற்றவும் சுவரைப் பூசவும் நிர்வாகம் பிறரிடம் கையேந்தத்தான் வேண்டியிருக்கிறது. கொடுத்தவரை மேடையேற்றாவிட்டால் அடுத்த ஆண்டு யார் கொடுப்பார்? இதை நாங்கள் மறுக்கவில்லை. கொடையாளருக்கு நன்றி சொல்வது தவறன்று. அந்த நன்றியைப் பிள்ளைகளின் வாயிலிருந்து வரவழைப்பதுதான் தவறு. குறிப்பேட்டுக்காக ஐம்பது குழந்தைகள் எழுந்து நின்று கோரஸாக நன்றி சொல்லும்போது, அவர்கள் கற்றுக்கொள்வது நன்றியறிதலை அன்று. தாம் பெறுபவர்கள், பெற்றுக்கொண்டே இருக்க வேண்டியவர்கள் என்பதைத்தான்.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வெளிவந்தது. துறவற மடத்தில் சேர்ந்து, பின் வெளியேறிய ஒருவரின் தன்வரலாறு அது. கிறிஸ்தவ நிறுவனங்களுக்குள் கூட்டுவதும் பெருக்குவதும் கழிப்பறை கழுவுவதும் எந்தச் சாதியார்க்கு ஒதுக்கப்பட்டிருந்தன என்பதை அந்நூல் ஒளிவுமறைவின்றிப் பதிவுசெய்தது. முப்பதாண்டுகளுக்கு மேலாகிவிட்டது, பலவும் மாறியிருக்கின்றன. என்றாலும் ஒரு பள்ளியில் யார் நாற்காலியில் அமர்கிறார்கள், யார் கதவருகே நிற்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கத்தை அந்நூல் நமக்குக் கொடுத்துவிட்டது. அப்பழக்கத்தை நாம் இனிக் கைவிட முடியாது. இதற்கு எதிர்முனையில், ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) நாவலில் வரும் காகு சாமியாரையும் வாசித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊரார் அவர்மீது கொண்ட பற்றுக்கு மேடையோ பொன்னாடையோ தேவைப்படவில்லை.

சோற்றின் கதையையும் சொல்லிவிட வேண்டும். காமராசர் காலத்தில் 1956இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982இல் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022இல் காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் தொடங்கப்பட்டது. 2024 ஜூலை 15 அன்று ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கு அது விரிவாக்கப்பட்டபோது, தொடக்க விழா நடந்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியிலுள்ள புனித அன்னாள் தொடக்கப்பள்ளி. 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவாக்கிய விழா, மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில் நடந்தது. இரண்டுமே கத்தோலிக்கப் பள்ளிகள் என்பது கவனத்துக்குரியது. இத்தகைய பள்ளிகளில் படிப்பவர்கள் யார், அவர்கள் காலையில் எந்த வயிற்றோடு வருகிறார்கள் என்பதை அரசும் அறிந்தே இருக்கிறது. இந்த உணவு வரிப்பணத்திலிருந்து வருவது, பிள்ளைகளின் உரிமை. உரிமைக்கு யாரிடமும் தலைதாழ்த்த வேண்டியதில்லை. ஆனால் அரிசியைச் சோறாக்கி, சூடு ஆறுமுன் தட்டில் இடுகிற கைக்கு நன்றியுண்டு. முட்டை தவறி விழுந்தால் திட்டாமல் இன்னொன்றைத் தரவேண்டும் என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை. அந்த வேறுபாட்டைப் பத்து வயதுச் சிறுமி சரியாகக் கண்டுகொண்டாள்.

*

ஆகவே இத்தகைய பள்ளிகளை நடத்துவோருக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம். நன்றியுரைப் பட்டியலை அலுவலக அறையில் எழுதாதீர்கள். பிள்ளைகளிடம் கேட்டு எழுதுங்கள். சமையலருக்கும் உதவியாளருக்கும், கூட்டிப் பெருக்குபவருக்கும் நாற்காலி போடுங்கள். கொடையாளருக்கு நிர்வாகம் தன் பெயரில் நன்றி சொல்லட்டும். பிள்ளைகள் தங்களுக்குத் தோன்றியவர்க்குச் சொல்லட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளி பெற்றோருக்கு நன்றி சொல்லட்டும். பக்கத்திலேயே ஆங்கில வழிப் பள்ளியின் மஞ்சள் வேன் வாசலுக்கு வந்து நிற்கும் காலத்தில், தன் பிள்ளையைத் தமிழ்வழித் தொடக்கப்பள்ளிக்கு நடத்திக் கூட்டிவரும் தாய், வேறு வழியின்றியே வருகிறாள் என்று நாம் எளிதாக நினைத்துவிடுகிறோம். அவள் வராவிட்டால் பணியிடம் இல்லை, பள்ளி இல்லை, திருப்பலியும் இல்லை. கடன் பட்டிருப்பது அவளல்லள்.

இன்னொன்றும் உண்டு. பல ஊர்களில் அந்த மஞ்சள் வேனும் திருச்சபை நிறுவனங்களுடையதாகவே இருக்கிறது. கட்டணம் தரும் பள்ளியின் ஆண்டுவிழாவுக்கு வண்ண விளக்குகள். இலவசப் பள்ளியின் ஓட்டில் ஒழுகல். அதனை வெறும் பணப் பிரச்சினையாக மட்டும் எங்களால் பார்க்க முடியவில்லை. நாலரை நூற்றாண்டுக்கும் மேலான காலத்துக்கு முன் மணியோசை கேட்டு ஓடிவந்த பிள்ளைகள் யாருடையவர்களோ, அவர்களுடைய வழித்தோன்றல்களே இன்றும் அந்த ஓட்டுக் கட்டடத்தில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கடைசி வரிசையில் நிறுத்திவிட்டு நிகழ்த்தும் நன்றி வழிபாட்டில், அறிதல் எங்கே இருக்கிறது?

கூட்டம் முடிந்து நாங்கள் கிளம்புகையில், மன்றாட்டு வாசித்த சிறுமி சமையற்கூடத்துக் கதவருகே நின்று, தன் பெயர் எழுதிய தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தாள். ஜூனில் அவள் ஆறாம் வகுப்புக்கு வேறு ஊர் போகிறாள். "சனிக்கிழமை வீட்டுக்கு வா, புள்ள" என்றார் சமையலர். எங்கள் நண்பர் தலைமையாசிரியையிடம், வரும் ஆண்டு முதல் வகுப்பில் எத்தனை பேர் சேர்கிறார்கள் என்று கேட்டார். சிஸ்டர் விரல்விட்டு எண்ணினார். இரண்டு கையும் தேவைப்படவில்லை.