தராசில் ஏறாத கல்

ஜப்பானிய உளவியல் பேராசிரியர் அகிரா டாகோ புதிர்ப் பொறுப்பேற்க, 2007ஆம் ஆண்டு வெளிவந்தது 'பேராசிரியர் லேட்டன்' எனும் மர்மக்கதை வீடியோ விளையாட்டு. அதிலொரு புதிர்: ஒரே தோற்றமுடைய எட்டு எடைக்கற்கள், ஒன்று மட்டும் எடை குறைவு. இருமுறை மட்டுமே நிறுத்து அதனைக் கண்டறிதல் வேண்டும்.

பிள்ளைகள் உடனே நாலுக்கு நாலாகப் பிரிப்பர். (பெரியவர்களுந்தான்!) அவ்வாறாயின் மும்முறை நிறுக்க நேரும். ஊகித்துச் சொல்லித் தவறினாலோ புள்ளிகள் குறைந்துவிடும்.

தட்டுக்கு மூன்றாக ஏற்றி, இரண்டைக் கீழே விட்டுவிடுங்கள். தட்டுகள் சமமாயின், தேடும் கல் கீழேயுள்ள இரண்டில் ஒன்று; அவ்விரண்டையும் எதிரெதிரே வைத்தால் தெரிந்துவிடும். ஒரு தட்டு மேலெழுந்தால், அதிலுள்ள மூன்றில் இரண்டை மட்டும் நிறுக்கவும். அவையும் சமமெனில் எஞ்சியதே அக்கல்.

தராசு தருவது இரு விடைகளன்று, மூன்று. 'சமம்' என்பதும் ஒரு விடையே. தட்டில் ஏறாத கல்லைப்பற்றி அது நமக்குச் சொல்லிவிடுகிறது. ஆகவேதான் ஒன்பது கற்களுக்கும் இருமுறையே போதும். மும்முறையெனில் 27 கற்கள் வரை செல்லலாம்.

இனி உங்களுக்கு: பன்னிரண்டு கற்கள். ஒன்று மட்டும் வேறுபட்டது. எடை கூடுதலா, குறைவா என்பது தெரியாது. மும்முறையில் கண்டறியுங்கள் பார்க்கலாம்!