வேலை ஓர் ஊரில், வீடு ஓர் ஊரில்

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் ரயிலில் விடியும் முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நிலையத்துக்கு நிலையம் டிபன் பாக்ஸும் சீசன் டிக்கெட்டுமாக ஆட்கள் ஏறுவார்கள். கடைச் சிப்பந்தி, நர்ஸ், எலக்ட்ரீஷியன், செக்யூரிட்டி, ஐ.டி. கம்பெனி ஊழியர் என்று எல்லாரும் அதில் உண்டு. போக ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர், திரும்பி வர தொண்ணூறு கிலோமீட்டர். இந்த நிலையங்கள் இருக்கும் கோலார் தங்கவயலில் ஒரு தலைமுறையே இப்படித்தான் வேலைக்குப் போய் வருகிறது.

இவர்கள் பெங்களூரிலேயே குடியேறிவிட்டால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் எளிதாகக் கேட்டுவிடுவார்கள். பதில் அந்த ஊரின் கதையில் இருக்கிறது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததோ அதற்கு மூன்றாண்டு கழித்து. நூறாண்டுக்கு மேல் தங்கம் தோண்டிய அந்தச் சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். வேலை ஒரே நாளில் போயிற்று. கம்பெனி கட்டித்தந்த லைன் வீடு மட்டும் மிஞ்சியது. சிறிய வீடுதான், பக்கத்திலேயே தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மண்மேடு, காற்றடித்தால் வீட்டுக்குள் தூசி. ஆனாலும் தலைக்கு மேல் கூரை இருக்கிறது, மாதம் பிறந்தால் வாடகைக்கு ஆள் வந்து நிற்பதில்லை. குடியிருக்கும் வீட்டைத் தங்கள் பெயருக்கு எழுதித் தரச் சொல்லி முன்னாள் தொழிலாளர்கள் இத்தனை ஆண்டுகளாகப் போராடுவது அதனால்தான்.

தங்கவயலில் வீடு இருக்கிறது, வேலை இல்லை. பெங்களூரில் வேலை இருக்கிறது, வீடு கைக்கு எட்டுவதில்லை. சம்பளம் எங்கே அதிகமோ அங்கே மனிதர் போவார் என்று சொல்லிவிட்டால் இடம்பெயர்வைப் புரிந்துகொண்டதாகாது.

பெங்களூரில் வீடு மாறிப் பார்த்தவர்களுக்குக் கணக்கு தெரியும். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது அந்த நகரத்தின் நெடுங்காலப் பழக்கம். இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வருபவர்களும் உண்டு. இருபதாயிரம் வாடகை என்றால் பத்து மாதத்துக்கு இரண்டு லட்சம். பழைய வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகுதான் அங்கே கட்டிய பணம் கைக்கு வரும். புது வீட்டுக்கோ முன்கூட்டியே கட்டியாக வேண்டும். இடைப்பட்ட நாட்களுக்கு நகை அடகுக்குப் போகும். பழைய அட்வான்ஸிலும் பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். புரோக்கருக்கு ஒரு மாதம், குட்டியானை வண்டிக்கும் தூக்குபவர்களுக்கும் கூலி வேறு. உப்பு, மஞ்சள், விளக்கை முதலில் உள்ளே வைத்துப் பால் காய்ச்சும்போது அந்தக் குடும்பத்தின் சேமிப்பு பாதியாகியிருக்கும்.

இவ்வளவு கொடுத்தும் ஏன் மாறுகிறார்கள்? அமெரிக்கச் சமூகவியலாளர் பீட்டர் ராசி ஃபிலடெல்ஃபியா குடும்பங்களை ஆராய்ந்து 1955இல் ஒன்றைச் சொன்னார்: குடும்பம் வளர வளர வீடு போதாமல் போவதுதான் பெரிய காரணம். பெங்களூரிலும் குழந்தை பிறந்தால் ஓர் அறை கூடுதலாக வேண்டும், பிறகு பள்ளிக்கூடம் பக்கத்தில் வேண்டும். அதோடு இங்கே தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. 2024 மார்ச்சில் போர்வெல்கள் வற்றி லாரித் தண்ணீருக்குக் குடும்பங்கள் அலைந்த பிறகு, வீடு பார்க்க வருபவர் அறையை அளக்கும் முன்பே காவிரி கனெக்‌ஷனா, போர்வெல்லா என்று கேட்கிறார்.

இதே நகரத்தில் வேலை கொடுத்தவர்களே வீடும் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 1940இல் எச்.ஏ.எல். விமான ஆலை, 1948இல் ஐ.டி.ஐ. தொலைபேசி ஆலை, 1953இல் எச்.எம்.டி. இயந்திரக் கருவி ஆலை என்று வந்தபோது பக்கத்திலேயே குடியிருப்பும் எழும்பியது. ஜாலஹள்ளியிலும் தூரவாணி நகரிலும் ஊழியர் குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை எல்லாம் இருந்தன. வேலையில் சேர்ந்தவர் ஒரு முறைதான் குடிபெயர்ந்தார். 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வந்ததிலிருந்து பெருகிய கணினித் தொழில் அந்தப் பொறுப்பை ஏற்கவில்லை. 2001இல் 57 லட்சமாக இருந்த பெங்களூர் மாநகரப் பகுதியின் மக்கள்தொகை 2011இல் 85 லட்சமானது. அத்தனை பேரும் வாடகைச் சந்தையில் தாமாகவே முட்டி மோதினார்கள்.

இந்த நெரிசலுக்கு வெளிமாநிலத்தாரே காரணம் என்ற பேச்சு அடிக்கடி கிளம்புகிறது. 2024 ஜூலையில் தனியார் வேலைகளில் உள்ளூராருக்கு ஒதுக்கீடு தரும் மசோதாவுக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்து, எதிர்ப்பு எழுந்ததும் நிறுத்திவைத்தது. உள்ளூர் இளைஞருக்கு வேலை வேண்டும் என்பதில் தவறே இல்லை. ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் முன்பு வசித்த இடத்தை விட்டு வந்தவர்கள் 45 கோடிக்கும் அதிகம். அதில் மாநில எல்லையைத் தாண்டியவர்கள் ஏறத்தாழ 5.4 கோடிதான். கல்யாணமாகிப் போன பெண்கள் அந்த 45 கோடியில் பெரும் பங்கு. அவர்களைக் கழித்துப் பார்த்தாலும், சொந்த மாநிலத்துக்குள் பிழைப்புக்காக அலைபவர்கள் கொஞ்சநஞ்சமல்ல.

பெங்களூரில் கட்டடம் எழும்பும் இடங்களில் நீலத் தார்ப்பாய்க் குடிசைகளைப் பார்க்கலாம். அங்கே ராய்ச்சூர், யாதகிரி, கலபுரகிக் கன்னடர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கர்நாடகத்தின் வட்டார ஏற்றத்தாழ்வை ஆராய்ந்த நஞ்சுண்டப்பா குழு 2002இல் தந்த அறிக்கை, மாநிலத்தின் 175 தாலுகாக்களில் 114ஐப் பின்தங்கியவை என்றது. மிகமிகப் பின்தங்கிய 39இல் 26 வடகர்நாடகத்தில் இருந்தன. மழை பொய்த்தால் அந்தப் பகுதிக்காரர்களுக்குப் பெங்களூரை விட்டால் வழியில்லை. மொழி ஒன்று, மாநிலம் ஒன்று, ஆனாலும் வாடகை வீடு கிடைப்பதில்லை.

பயத்தால் நகரை விட்டுப் போனவர்களும் உண்டு. காவிரி நீர்ப் பங்கீட்டுத் தகராறில் 1991 டிசம்பரில் வெடித்த கலவரத்தில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஓடினார்கள். 2012 ஆகஸ்டில், தங்களைத் தாக்கப்போகிறார்கள் என்ற வதந்தியை நம்பி வடகிழக்கு மாநிலத்தவர் கவுகாத்தி ரயில்களில் நெருக்கியடித்து ஏறினார்கள். அந்தப் பயத்தைப் போக்கும் கடமை அரசுக்கு இருக்கிறது. அதற்கு அடுத்தபடியாக, தினசரி நடக்கும் இடம்பெயர்வுக்கு அரசு செய்யக்கூடியது நிறைய.

தங்கவயலில் நிலம் இருக்கிறது, ரயில் பாதை இருக்கிறது, 1964இல் தொடங்கிய பெமல் நிறுவனத்தின் ஆலையும் இருக்கிறது. அங்கே தொழில் வளர்ந்தால் யாரும் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதில்லை. யாதகிரிக்கும் ராய்ச்சூருக்கும் இதுவே பொருந்தும். நகருக்குள் இருப்பவர்களுக்கு அட்வான்ஸ் பிரச்சினை தீர வேண்டும். ஒன்றிய அமைச்சரவை 2021 ஜூனில் ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. காலி செய்து ஒப்படைக்கும்போதே அதைத் திருப்பித் தரவும் சொல்கிறது. மாநிலங்கள் ஏற்றால்தான் அது நடைமுறைக்கு வரும். தமிழ்நாட்டின் 2017 சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் மூன்று மாதம் என்று வரம்பு வைத்திருக்கிறது. கர்நாடகம் அந்த விதிவிலக்குகூட இல்லாமல் இரண்டு மாத வரம்பைச் சட்டமாக்க வேண்டும். அதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. சட்டமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரிலேயே எடுத்துக்கொள்ளலாம்.