தாத்தா கட்டிய வீடும் மருமகள் கேட்கும் சமையலறையும்

பூவிருந்தவல்லிப் பக்கத்திலும் அம்பத்தூரின் பழைய தெருக்களிலும் இன்னும் சில வீடுகள் மிச்சமிருக்கின்றன. திண்ணை, நடை, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கிணற்றடி என்று ரயில் வண்டி மாதிரி நீண்டு கிடப்பவை. அப்படி ஒரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட சகோதரியா நீங்கள்? அப்படியானால் இந்த வாரம் உங்களோடுதான் பேச்சு.

"இடித்துவிட்டு ஃபிளாட் கட்டினால் என்ன?" என்பார் உங்கள் கணவர். "என் தகப்பனார் கட்டியது, ஒரு செங்கல்லைத் தொடக் கூடாது" என்பார் மாமனார். ஒன்று கவனித்தீர்களா? இரண்டு பேருமே அந்த வீட்டில் சமைத்தவர்கள் அல்ல!

செங்கல்லைத் தொடவே கூடாது என்பதில் எனக்குச் சம்மதமில்லை. பகலிலும் விளக்குப் போட வேண்டிய சமையலறை. கொல்லைக் கோடியில் கழிப்பறை. ஐப்பசி மழையில், நடு நிசியில், முழங்கால் வலியோடு ஒரு கிழவி டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு அங்கே போய் வருவதைப் பாரம்பரியம் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. அதை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதற்கு வீட்டையே பலி கொடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. புதிதாகக் கட்டுவதைப் பின்பக்கத்தில் கட்டுங்கள். குளியலறை, கழிப்பறை, வெளிச்சமான சமையலறை எல்லாம் அங்கே போகட்டும். அதற்குத் தனி அஸ்திவாரம் வேண்டும். பழைய சுவருக்கும் புதுச் சுவருக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி விட்டு, நெகிழ்ந்து கொடுக்கும் பூச்சால் அடைக்கச் சொல்லுங்கள். பழைய வீடு என்றைக்கோ அமுங்கி நிலைத்துவிட்டது. புதியது இனிமேல்தான் அமுங்கும். இரண்டையும் இறுகக் கட்டிப்போட்டால் விரிசல்தான். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியையும் புதுப் பகுதித் தூண்களின் மேலேயே வையுங்கள். ஆயிரம் லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே ஒரு டன் கனம். பாவம், தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்திட்டு அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய 'மெட்ராஸ் டெரஸ்' மச்சு அதை எப்படித் தாங்கும்? மச்சு ஒழுகினால், முதலில் அந்தக் கட்டைகள் சுவருக்குள் நுழைகிற முனைகளைப் பாருங்கள். பெரும்பாலும் உளுத்துப்போவது அங்கேதான்.

பழைய சுவருக்குப் பெரிய சத்துரு சிமெண்டு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டுப் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்டும் ஏறினால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. உப்புப் பூத்து, பூச்சு அப்பளமாகப் பெயர்ந்து விழும். "சுவர் கெட்டுப்போச்சு" என்று மேலும் சிமெண்டு பூசுவார்கள்! கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைக் கலந்து அரைத்த சுண்ணாம்புக்கு நாள் பிடிக்கும்; கூலியும் கூடும். ஆனால் வருஷா வருஷம் பெயர்த்துப் பூசும் செலவைக் கணக்குப் பாருங்கள்.

காருக்காகத் திண்ணையை இடிப்பதைப்பற்றி நான் சொன்னால் கோபம் வரும். விட்டுவிடுகிறேன்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காயா? புதுச்சேரி போகிறவர்கள் வைசியாள் வீதியில் ஒரு நடை நடந்து பாருங்கள். 2000-க்குப் பிறகு ஐரோப்பிய யூனியன் உதவியோடு, இன்டாக் அமைப்பு அங்கே தமிழ் வீடுகளின் முகப்புகளைச் சீராக்கியது. வீட்டுக்காரர்களும் செலவில் பங்கு போட்டார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது அந்தத் தெருவுக்குக் கிடைத்தது.

சென்னையிலும் பட்டியல் உண்டு. அண்ணா சாலையின் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை இடிக்கக் கூடாதென்று 2010-ல் ஹைகோர்ட் தீர்ப்புச் சொன்னபோது, பாரம்பரியக் கட்டடங்களைக் கவனிக்கத் தனிக் குழு வேண்டும் என்ற பேச்சும் வலுத்தது. பட்டியலில் உள்ள வீடானால் கைவைக்குமுன் சி.எம்.டி.ஏ.வைக் கேட்க வேண்டும். ஆனால் புறநகர்த் தெருவில் உள்ள சாதாரண ஓட்டு வீட்டை எந்தப் பட்டியல் தேடி வரப்போகிறது? காப்பதும் இடிப்பதும் உங்கள் கூடத்தில் நடக்கும் பேச்சில்தான் இருக்கிறது.

அந்தப் பேச்சில் நீங்களும் உட்காருங்கள். மேஸ்திரி வந்தால் காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். "சுண்ணாம்பு வேலை செய்திருக்கிறீர்களா? எந்த வீட்டில்?" என்று கேளுங்கள். "அதெல்லாம் அந்தக் காலம், அம்மா" என்று அவர் சிரித்தால், காபியோடு அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.