செல்போன் செம்புள்ளி என்றது, வயல் வேறு சொன்னது

கேள்வி: "சம்பா நடவு முடிந்து இருபது நாள் இருக்கும். அடி இலைகளில் துரு மாதிரிப் புள்ளி விழுந்தது. கல்லூரியில் படிக்கிற என் மகன் செல்போனில் ஒரு ஆப் வைத்து இலையைப் படம் பிடித்தான். 'செம்புள்ளி நோய், 92 சதவிகிதம்' என்று வந்தது. நானும் நம்பி, பூஞ்சாண மருந்து வாங்கி இரண்டு தடவை அடித்தேன். ஆள் கூலியோடு நல்ல செலவு. பயிர் தேறவே இல்லை. இனிமேல் அந்த செல்போனை வயல் பக்கம் கொண்டுவராதே என்று மகனைத் திட்டிவிட்டேன். அவன் ஒரு வாரமாக என்னோடு சரியாகப் பேசவில்லை. இந்த ஆப் எல்லாம் ஏமாற்றா? நான் செய்தது சரியா?"

— வாடிப்பட்டி வட்டாரத்து வாசகர் ஒருவர்

பதில்: ஐயா, மருந்து விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் கடிதம் வந்த அடுத்த வாரம் அந்தப் பக்கம் போகிற வேலை இருந்ததால் வயலை நேரிலேயே பார்த்தேன். வயல் முழுக்க ஒரே மாதிரி இல்லை. தண்ணீர் தேங்குகிற பள்ளப் பகுதியில் பயிர் குட்டையாகத் திட்டுத் திட்டாக நின்றது, மேட்டுப் பக்கம் நன்றாக இருந்தது. பழைய இலைகளில் துருநிறப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து படர்ந்திருந்தன. இளம் இலையின் நடு நரம்பு அடிப்பக்கம் வெளுத்திருந்தது. இது நோய் இல்லை, துத்தநாகக் குறைபாடு. செம்புள்ளி நோய் என்றால் எள் வடிவத்தில் தனித்தனிப் புள்ளியாக இருக்கும், ஓரம் பழுப்பாகவும் நடுவில் சாம்பல் நிறமாகவும் தெரியும்.

பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா கலந்து இலைவழியாகத் தெளியுங்கள். பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை. பள்ளத்துத் தண்ணீரை வடித்து இரண்டு நாள் காயவிடுங்கள். அடுத்த போகத்தில் கடைசி உழவு முடிந்து சமன்செய்த பிறகு, ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ காய்ந்த மணலோடு கலந்து தூவுங்கள். டி.ஏ.பி.யோடு சேர்த்துப் போட வேண்டாம், இரண்டும் ஒன்றையொன்று முடக்கிவிடும்.

இனி ஆப் விஷயம். அது ஏமாற்று இல்லை. அதற்குத் தெரிந்ததைச் சொன்னது. அதற்கு எது தெரியும், எது தெரியாது என்பதைத்தான் உங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

களை எடுக்க வரும் பெண்களைப் பாருங்கள். நெல்லைப் போலவே நிற்கிற குதிரைவாலிக் களையை, நின்று யோசிக்காமல் கை தானாகப் பிடுங்கிப் போடும். எப்படி அடையாளம் தெரிந்தது என்று கேட்டால் சிரிப்பார்கள். சின்ன வயதில் அம்மாவோடு வரப்பில் இறங்கி, 'இது பயிர், இது களை' என்று ஆயிரம் தடவை காட்டக் காட்டக் கண்ணுக்குப் பழகியது. கம்ப்யூட்டருக்கும் இப்படித்தான் பழக்குகிறார்கள். அதற்குப் படம் என்பது வெறும் நிறப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் சில எண்கள். ஆயிரக்கணக்கான இலைப் படங்களுக்கு 'இது குலை நோய், இது துங்ரோ, இது நல்ல இலை' என்று பெயர் ஒட்டிக் கொடுக்கிறார்கள். எந்த நிறமும் எந்த வடிவமும் எந்தப் பெயரோடு சேர்ந்து வருகிறது என்பதை அது தானாகப் பிடித்துக்கொள்கிறது. பிறகு புதுப் படம் காட்டினால், பழகியவற்றில் எதற்குக் கிட்ட வருகிறதோ அந்தப் பெயரைச் சொல்லும்.

இந்த வேலை நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், அந்த மாவட்டத்து நெல் வயல்களில் இறங்கிப் படம் எடுத்து ஒரு தொகுப்பு செய்தார்கள். பெயர் 'பேடி டாக்டர்'. முப்பதாயிரத்துக்கு மேல் படம் எடுத்து, மங்கியதையும் இரட்டிப்பாக வந்ததையும் கழித்து, 16,225 படங்களை வைத்துக்கொண்டார்கள். அவற்றை 12 வகை நோய், பூச்சித் தாக்குதல், அதோடு நல்ல இலை என்று பிரித்தார்கள். பெயர் ஒட்டும்போது துணைக்கு இருந்தவர் ஒரு வேளாண் அலுவலர். இதைப் படித்தபோது என் வர்க்கத்தை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பயிரின் வயதையும் ரகத்தையும்கூடக் குறித்திருக்கிறார்கள். ஏ.டி.டி. 45, பொன்னி, ஐ.ஆர். 20 எல்லாம் அதில் உண்டு. 2022-ல் இந்தப் படங்களில் ஒரு பகுதியை வைத்து உலக அளவில் போட்டியும் நடந்தது.

வயலில் எடுத்த படம் என்பதை ஏன் அழுத்திச் சொல்கிறேன்? 2016-ல் சுவிட்சர்லாந்து, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 14 பயிர், 26 நோய், 54,306 படங்கள். சோதித்துப் பார்த்ததில் 99.35 சதவிகிதம் சரி. ஆனால் அதில் பெரும்பாலும் இலையைக் கிள்ளி, வெற்றுப் பின்னணியில் வைத்து எடுத்த படங்கள். வேறு இடத்தில், வேறு சூழ்நிலையில் எடுத்த படங்களைக் காட்டியபோது சரியான பதில் 31 சதவிகிதமாக இறங்கிவிட்டது. இதை மறைக்காமல் அவர்களே எழுதியிருக்கிறார்கள். மேசைமேல் வைத்த ஒற்றை இலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, காற்றில் ஆடுகிற, சேறு தெறித்த, பக்கத்து இலையின் நிழல் விழுந்த இலை புரியவில்லை. விளம்பரத்தில் வருகிற பெரிய சதவிகிதத்தைப் பார்த்தால், எங்கே எடுத்த படத்தில் சோதித்தது என்று கேளுங்கள்.

இப்போது உங்கள் 92 சதவிகிதத்துக்கு வருகிறேன். நெல்லைச் சீமைத் தொகுப்பின் 12 வகைகளில் சத்துக் குறைபாடு என்று ஒரு வகை கிடையாது. அது அவர்கள் குறையில்லை, அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை நோயும் பூச்சியும்தான். ஆனால் அப்படிப் பழகிய ஒரு இயந்திரத்திடம் துத்தநாகம் குறைந்த இலையைக் காட்டினால் என்ன செய்யும்? தனக்குத் தெரிந்த பெயர்களில் எது கிட்ட வருகிறது என்று தேடும். பழுப்புப் புள்ளி இருக்கிறது, ஆகவே செம்புள்ளி. தெரியாது என்று சொல்லத் தனியாகக் கற்றுக்கொடுத்திருந்தால் ஒழிய அது சொல்லாது. உங்கள் மகனுடைய ஆப்பில் என்னென்ன பெயர் பழக்கியிருக்கிறது என்று நான் பார்க்கவில்லை, ஆனால் நடந்தது இந்த மாதிரிதான் இருக்கவேண்டும். 92 என்பது, தனக்குத் தெரிந்த பெயர்களுக்குள் இதற்கு எவ்வளவு பொருத்தம் என்கிற கணக்கு. உங்கள் வயலில் அந்த நோய் இருப்பதற்கான உறுதி அல்ல.

மனுஷனும் இதையேதான் செய்கிறான், ஐயா. வேலையில் சேர்ந்த புதிதில், மேலூர்ப் பக்கம் ஒரு வயலில் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே, 'மஞ்சளாக இருக்கிறது, தழைச்சத்து போதவில்லை, யூரியா போடுங்கள்' என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெரியவர் ஒன்றும் பேசாமல் உள்ளே இறங்கி, ஒரு தூரை இரண்டு கையாலும் விரித்து, 'இங்கே வந்து பாருங்க சார்' என்றார். தூரின் அடியில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே புகையான் அப்பிக் கிடந்தது. அதற்குப் போய் யூரியா போட்டிருந்தால் மொத்தமும் படுத்திருக்கும். மேலேயிருந்து எடுத்த இலைப் படத்தில் புகையான் தெரியாது. செல்போனும் அன்றைக்கு என்னைப் போல வண்டியில் உட்கார்ந்தபடிதான் பார்க்கிறது.

ஆகவே செல்போன் சொன்னதும் கடைக்கு ஓடாமல் வயலில் ஒரு சோதனை செய்யுங்கள். பாக்டீரியா இலைக்கருகல் என்று வந்தால், கருகலும் பச்சையும் சேருமிடத்தில் இலையை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் வெட்டிய முனையை முக்கிப் பிடியுங்கள். சற்று நேரத்தில் பால் போலக் கசிந்தால் அது பாக்டீரியாதான். குருத்துப்பூச்சி என்றால் காய்ந்த நடுக்குருத்தை இழுத்தால் கையோடு வரும். குறைபாடா நோயா என்று சந்தேகம் வந்தால், வயலில் எந்த இடத்தில் வந்திருக்கிறது, பழைய இலையா புது இலையா என்று பாருங்கள். இதெல்லாம் படத்தில் ஏறாத சங்கதிகள்.

இன்னொரு வாசகர் கேட்டதையும் இங்கேயே சேர்த்துக்கொள்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். "யானை வருவதைக் கேமராவே சொல்லுமாமே, அதைக் காட்டுப்பன்றிக்கு வைக்க முடியாதா?" என்கிறார்.

அவர் சொல்வது கோவை மதுக்கரையில் இருப்பது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. அதன்பிறகு வனத்துறை தண்டவாள ஓரமாக 12 கோபுரங்கள் எழுப்பி, உடல் சூட்டைப் பார்க்கிற கேமராக்களையும் பொருத்தி, 2024 பிப்ரவரியில் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. இதில் மூன்று வேலைகள் உண்டு. எங்கள் தல்லாகுளத்தில் அழகருக்கு எதிர்சேவை நடக்கிற கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தலைகளுக்கு நடுவே ஒரு குழந்தை இருக்கிறது என்று கண்ணில் படுவது ஒரு வேலை. அது நகர நகர, ஆள் மறைத்தாலும் விடாமல் கண்ணால் பிடித்துக்கொண்டே போவது இரண்டாவது. அது நம் வீட்டுப் பிள்ளைதான் என்று தெரிவது மூன்றாவது. மதுக்கரையில் ஏதோ நகர்கிறது என்று கண்டு, அது மாடோ மனிதரோ அல்ல, யானை என்று அறிந்து, தண்டவாளத்தை நோக்கி வருகிறதா என்று தொடர்ந்து பார்த்து, ரயில்வேக்குத் தகவல் போகிறது. பன்றிக்கும் பழக்கலாம், தடையில்லை. ஆனால் அங்கே தகவல் கிடைத்ததும் ரயிலை மெதுவாக்க ஆள் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் செல்போன் மணி அடித்தால், இரண்டு ஏக்கர் மக்காச்சோளத்துக்கு யார் எழுந்து போவது? தனி ஆளாகச் செலவு செய்வதை நான் சொல்லமாட்டேன். ஓடையோரமாக நாலைந்து பேர் சேர்ந்து யோசிக்கலாம்.

எண்ணுகிற வேலையில் இது நிஜமாகவே கை கொடுக்கிறது. பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைக்கிறோம். ஒரு பொறியில் இரவுக்கு எட்டு அந்துப்பூச்சி வீதம் மூன்று நாள் தொடர்ந்து விழுந்தால் மருந்து யோசிக்கவேண்டிய கட்டம். யார் உட்கார்ந்து எண்ணுகிறார்கள்? சுமாராகப் பார்த்துவிட்டு அடித்துவிடுகிறோம். மும்பை வாத்வானி ஏஐ நிறுவனம் செய்த செயலியில், விழுந்த பூச்சிகளைக் காகிதத்தில் கொட்டிப் படம் எடுத்தால் அதுவே எண்ணி, அடிக்கலாமா வேண்டாமா என்று சொல்கிறது. வேண்டாம் என்று சொல்கிற நாளில் ஒரு தெளிப்புச் செலவு மிச்சம். திருமங்கலம், பேரையூர் கரிசல்காட்டுக்காரர்கள் செயலி இல்லாவிட்டாலும் பொறியையாவது வைத்து எண்ணுங்கள்.

அரசுத் தரப்பிலும் 2024 ஆகஸ்ட் 15 அன்று தேசிய பூச்சி கண்காணிப்பு அமைப்பு என்று ஒரு செயலி வந்திருக்கிறது. 61 பயிர்களில் பூச்சி, நோயை அடையாளம் சொல்லும். என்ன செய்யலாம் என்கிற ஆலோசனை 15 முக்கியப் பயிர்களுக்கு உண்டு.

வாடிப்பட்டிக்காரருக்குக் கடைசியாக ஒன்று. தம்பியை நாளைக்கே செல்போனோடு வயலுக்குக் கூட்டிப் போங்கள். சட்டையில் லென்ஸைத் துடைத்துவிட்டு, வெயில் ஏறுமுன் எடுக்கச் சொல்லுங்கள். வயல் முழுவதும் தெரிய ஒன்று, ஒரு தூர் முழுசாக ஒன்று, இலை கிட்டத்தில் முன்புறமும் பின்புறமும், தூரை விரித்து அடிப்பகுதி ஒன்று. ரகம், நட்ட தேதி, போட்ட உரம், தண்ணீர் கிணறா வாய்க்காலா என்பதை எழுதி, ஆப் சொன்ன பெயரையும் சேர்த்து உங்கள் உதவி வேளாண் அலுவலருக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒத்தக்கடை வேளாண் கல்லூரிப் பக்கம் போகிறவர்கள் இலையை மட்டும் கிள்ளிக் கொண்டுபோகாமல், வேரோடு இரண்டு தூர் பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துப் போங்கள். ஒன்று பள்ளத்திலிருந்து, ஒன்று நன்றாக நிற்கிற மேட்டிலிருந்து.