காகிதப்பூவை ஏன் ஒதுக்குகிறோம்?



நம் பள்ளித் தோட்டங்களில் ஆண்டுதோறும் ஒரு வேடிக்கை நடக்கிறது. பிரமுகர் யாரேனும் வருகை தருகிறார் என்றால் பூச்சாடிகள் வந்து இறங்கும். கூரைக்கு அடியில் வரிசையாக அடுக்குவோம். அங்கே மழைநீர் எட்டாது. நீண்ட விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது பெரும்பாலானவை கருகி நிற்கும். பெற்றோர் ஆசிரியர் சங்கப் பணத்தில் மீண்டும் வாங்குவோம். மாணவனுக்கு இதில் சாடி சுமக்கும் வேலையைத் தவிர வேறொன்றும் கிடைப்பதில்லை.

இதற்கு மாற்றாக நான் முன்வைப்பது காகிதப்பூச் செடி. மலாய்மொழியிலும் இதே பொருளில்தான் 'புங்கா கெர்தாஸ்' என்பர். "மணமில்லை, முள் உண்டு, சாமிக்கும் ஆகாது" என்று சில பெற்றோர் முகம் சுளிப்பதை அறிவேன். போலியான எதையும் காகிதப்பூ என்றே ஏசிப் பழகிவிட்டோம். செடி என்ன பாவம் செய்தது?

இச்செடியின் பூ எது என்று மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஊதா, சிவப்பு என்று நிறத்தைக் காட்டுவார்கள். அது பூவன்று, உருமாறிய இலை. பூவடிச் செதில் என்பது அதன் பெயர். மூன்று செதில்களுக்கு நடுவே சிறு குழல்போல் வெளிறிய நிறத்தில் நிற்பவையே உண்மையான பூக்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால், ஒவ்வொரு பூவின் காம்பும் ஒரு செதிலின் நடுநரம்போடு ஒட்டியிருப்பது தெரியும். செதிலில் இலையைப் போலவே நரம்புகள் ஓடும். அரைமணி நேரத்தில், நூலில் படிப்பதைவிட ஆழமாக இது மனத்தில் பதியும். அடுக்கு வகையில் பூவைக் காண்பது அரிது. ஆகவே பாடத்திற்கு ஒற்றை வகையே ஏற்றது.

வரலாற்றுக்கும் இதில் இடமுண்டு. தாயகம் தென்னமெரிக்கா. 1767இல் பிரேசிலில் இதனைச் சேகரித்த தாவரவியலாளர் கொமெர்சோன், தம் கப்பற்படைத் தலைவர் பூகன்வில்லின் பெயரை இதற்குச் சூட்டினார். அவருடைய உதவியாளர் ஜான் பாரே ஆண்வேடத்தில் அக்கப்பலில் பயணம் செய்த பெண். பெண்களுக்குக் கப்பலில் இடமில்லாத காலம் அது. உலகைச் சுற்றிவந்த முதல் பெண்மணியாக இன்று அறியப்படுபவர் அவரே. நம் மாணவியருக்கு இக்கதையைச் சொல்ல வேண்டாமா?

வளர்ப்பதும் கடினமன்று. பென்சில் பருமனுள்ள முற்றிய தண்டை ஒரு சாண் நீளத்திற்கு வெட்டி, மணல் கலந்த மண்ணில் ஊன்றி, வேர்விடும்வரை நிழலில் வைத்து ஈரம் காக்க வேண்டும். வறட்சி தாங்கும் என்பது வேரூன்றிய செடிக்கே பொருந்தும், இளந்தண்டுக்கு அன்று. பின்னர் நாளுக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர்வெயில் படும் இடத்திற்கு மாற்றுங்கள். சாடியின் அடியில் துளை இருக்கட்டும். பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள்: அன்பு மிகுந்து நாள்தோறும் நீரூற்றினால் இலைதான் செழிக்கும், பூ வராது. மேல்மண் நன்கு காய்ந்தபின் ஊற்றுவதே முறை. புதுத்தளிரில்தான் பூக்கும் என்பதால் ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் கவாத்துச் செய்ய வேண்டும். முள் இருப்பதால் அதைப் பெரியவர்கள் செய்யட்டும்.

பாலைவன ரோஜாவும் வறட்சி தாங்கும், அழகும் மிக்கது. எனினும் அரளியைப் போலவே அதன் சாறும் நஞ்சு. முதலாம் ஆண்டு மாணவர் ஓடியாடும் இடத்தில் அதனை வைப்பதை நான் ஏற்கமாட்டேன். முள் குத்தினால் பிள்ளை உடனே கையை இழுத்துக்கொள்ளும். நஞ்சு அப்படி எச்சரிப்பதில்லை.

ஆகவே அடுத்த கூட்டுப்பணி நாளில், வீட்டு வேலியில் காகிதப்பூ வைத்திருக்கும் பெற்றோர் ஆளுக்கு நான்கு தண்டுகள் கொண்டு வாருங்கள். நடுவதை மாணவர்களிடம் விட்டுவிடுங்கள். தமிழ்ப்பெயர், மலாய்ப்பெயர், நட்ட நாள், நட்டவர் பெயர் ஆகியவற்றைப் பலகையில் அவர்களே எழுதட்டும்.