வீட்டுக் கணக்கு: சத்தம் குறைக்கும் கார்க் கண்ணாடிக்கு மேலதிகப் பணம் கொடுக்கலாமா?



ரொறன்ரோவுக்கு வந்து சில வருடங்கள் பழைய காரோடு சமாளித்த குடும்பங்கள் புதுக் கார் எடுக்க விற்பனை நிலையத்துக்குப் போகும்போது, ஒரே காரில் இரண்டு மூன்று தரங்களைக் காட்டுகிறார்கள். மேல்தரத்துக்கு விலை கூட. ஏன் கூட என்று கேட்டால், பெரிய திரை, தோல் இருக்கை என்று அடுக்கிக்கொண்டு போய், "யன்னலுக்கு அக்கூஸ்ரிக் கண்ணாடி போட்டிருக்கிறது, வெளிச் சத்தமே கேட்காது" என்றும் சொல்வார்கள். ஸ்காபரோவிலிருந்து மிசிசாகாவுக்கு நாள்தோறும் 401 நெடுஞ்சாலையில் ஓடிக் களைத்தவருக்கு இந்தச் சொல் தேனாக இனிக்கும்.

இந்தக் கண்ணாடிக்குப் பணம் கொடுக்கலாமா என்பதே இம்மாதக் கேள்வி. பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். இது ஏமாற்று அல்ல. உண்மையாகவே வேலை செய்யும் பொருள். ஆனால் நெடுஞ்சாலையில் அதிகம் ஓடுபவருக்குத்தான் அந்த வேலை பயன்படும். அவருக்கும்கூட இது முதற்செலவு அல்ல.

இது என்ன கண்ணாடி?

காரில் இரண்டு வகைக் கண்ணாடி உண்டு. பக்க யன்னல்களில் வழமையாக இருப்பது சூடேற்றிப் பதப்படுத்திய ஒற்றைக் கண்ணாடி. உடைந்தால் கற்கண்டுபோலச் சிறு துண்டுகளாகக் கொட்டும். முன் கண்ணாடி அப்படியல்ல. இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்ரிக் படலத்தை வைத்து ஒட்டியது. அடிபட்டால் வெடிக்கும், ஆனால் சிதறாது. இந்த ஒட்டுக் கண்ணாடிக்கு 1909 இல் காப்புரிமை பெற்றவர் எடுவார் பெனெடிக்ருஸ் என்ற பிரெஞ்சுக்காரர்.

அக்கூஸ்ரிக் கண்ணாடி என்பது இந்த ஒட்டுக் கண்ணாடியின் இன்னொரு வகை. நடுவில் உள்ள படலத்துக்குள்ளே மேலும் மென்மையான ஒரு படை வைத்திருப்பார்கள். சத்தம் கண்ணாடியை அதிரவைக்கும்போது அந்த மென்படை அதிர்வை விழுங்கிவிடுகிறது. வெண்கலத் தாளத்தைத் தட்டியபின் உள்ளங்கையால் பொத்தினால் ஓசை அடங்குகிறதல்லவா, அதே சங்கதிதான்.

எந்தச் சத்தம் குறையும்?

காருக்குள் கேட்கும் சத்தம் ஒன்றல்ல. எஞ்சின் சத்தம், ரயர் வீதியில் உருளும் சத்தம், காற்றுக் கிழிபடும் சத்தம் என்று மூன்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும்.

காற்றின் சத்தம் வேகத்தோடு மிக விரைவாக ஏறுவது. வேகம் 50 கிலோமீற்றரிலிருந்து 100 ஆனால் காற்றுச் சத்தத்தின் வலு ஏறக்குறைய 64 மடங்காகிறது. டெசிபெல் கணக்கில் 18. பத்து டெசிபெல் கூடினால் காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கும் என்று வைத்துக்கொண்டால், 18 என்பது எவ்வளவு என்று நீங்களே யோசிக்கலாம். இந்தச் சத்தம் பெரும்பாலும் முன் கண்ணாடி வழியாகவும் முன் கதவு யன்னல்கள் வழியாகவும் உள்ளே வருகிறது. அக்கூஸ்ரிக் கண்ணாடி இங்கேதான் கைகொடுக்கும்.

ரயர்ச் சத்தம் வேறு. அது பெரும்பகுதி கீழிருந்து, தரை வழியாகவும் சில்லைத் தாங்கும் இரும்புகள் வழியாகவும் வரும் தாழ்ந்த முழக்கம். கண்ணாடி எவ்வளவு நல்லதானாலும் அதனை அதிகம் தடுக்காது. கொங்கிறீற் வீதியில் ஓடும்போது எழும் "ஹோ" என்ற இரைச்சலுக்குக் கண்ணாடியில் மருந்தில்லை.

மொத்தத்தில் காருக்குள் எவ்வளவு குறையும்? நெடுஞ்சாலை வேகத்தில் 2, 3 டெசிபெல் என்று எதிர்பார்ப்பது நியாயம். 3 டெசிபெல் குறைந்தால் சத்தத்தின் வலு பாதியாகிறது. ஆனால் காதுக்கு அது சிறிய வித்தியாசமாகத்தான் தெரியும். "சத்தமே கேட்காது" என்ற பேச்சை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் யாருக்குப் பயன்?

அந்தச் சிறிய வித்தியாசம் எந்த இடத்தில் விழுகிறது என்பதுதான் முக்கியம். காரின் மெல்லிய கண்ணாடி விநாடிக்கு ஏறக்குறைய 3000 அதிர்வுகள் உள்ள சத்தத்தை இலகுவாக உள்ளே விட்டுவிடும். மனிதக் காதும் அந்தப் பகுதியில்தான் மிகக் கூர்மையானது. நாம் கதைக்கும்போது ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துகளின் ஓசையில் ஒரு பெரும்பங்கு அங்கேயே இருக்கிறது. வயது போகப் போக முதலில் மங்குவதும் இந்த உயர்ந்த ஓசைகளைக் கேட்கும் திறன்தான்.

பின் சீற்றில் இருக்கும் அம்மம்மா, முன்னால் இருப்பவர்கள் கதைப்பது விளங்காமல் பேசாமலே வருவதற்கு இது ஒரு காரணம். அவர் கோபத்தில் இருக்கிறார் என்று நினைக்கவேண்டாம்; காற்றுச் சத்தம் சொற்களை மூடிவிடுகிறது. வயதானவர்களோடு மொன்றியலுக்கும் ஒட்டாவாவுக்கும் அடிக்கடி ஓடும் குடும்பத்துக்கு இந்தக் கண்ணாடி ஓரளவு உதவும். இரவு வேலை முடிந்து நெடுந்தூரம் திரும்புபவருக்கும் அப்படியே. ஓயாத இரைச்சல் களைப்பைக் கூட்டுவது. ஆனால் ஒன்று: தூக்கக் கலக்கத்தோடு ஓடுபவரை எந்தக் கண்ணாடியும் காப்பாற்றாது. அவருக்குத் தேவை நித்திரை.

மாறாக, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடவும், கடைக்கும் கோயிலுக்கும் போய்வரவுமே கார் என்றால், 50, 60 கிலோமீற்றர் வேகத்தில் காற்றுச் சத்தம் பெரிதாக இல்லை. இல்லாத நோய்க்கு மருந்து வாங்குவது போலாகிவிடும். மின்சாரக் கார் எடுப்பவர் மட்டும் சற்றுக் கூடக் கவனிக்கலாம். எஞ்சின் சத்தம் இல்லாதபடியால் காற்றும் ரயரும் துலக்கமாகக் கேட்கும்.

தொழிற்சாலையில் வேலை செய்யும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. கார் யன்னலைப் பூட்டியிருந்தால் உள்ளிருக்கும் சத்தம் காதைச் செவிடாக்கும் அளவுக்குப் பொதுவாக வராது. காதைக் கெடுப்பது வேலைத்தலச் சத்தம். ஒன்ராறியோவில் 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபெல் என்பது சட்ட வரம்பு. அதற்கு மேலே போனால் தொழிலாளியின் காதைப் பாதுகாக்க நடவடிக்கை எடுக்கவேண்டியது முதலாளியின் கடமை. காதுக்காகக் காரில் ஆயிரக்கணக்கில் செலவழிக்க முன், வேலையிடத்தில் காதடைப்பைக் கேட்டு வாங்கி ஒழுங்காகப் போடுங்கள்.

பணக் கணக்கு

இந்தக் கண்ணாடியைத் தனியாக விற்கமாட்டார்கள். பெரும்பாலும் மேல்தரக் காரோடு சேர்ந்தே வரும். உதாரணத்துக்கு, இரண்டு தரங்களுக்கும் வித்தியாசம் 2,500 டொலர் என்று வைப்போம். 13 வீத வரி சேர்ந்தால் 2,825. இதை 7 வீத வட்டியில் 72 மாதக் கடனில் போட்டால் மாதம் ஏறக்குறைய 48 டொலர். கடைசியில் கட்டி முடிக்கும்போது 3,470 டொலரளவில் வந்து நிற்கும். விற்பனையாளர் "மாதம் 48 தானே" என்பார். நீங்கள் கேட்கவேண்டியது கடைசித் தொகையை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம்முடைய பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

அந்தப் பணத்துக்கு முன்னுரிமை கேட்டு நிற்பவை வேறு உண்டு. முதலாவது பனிக்கால ரயர். ஒன்ராறியோவில் அது கட்டாயமில்லை. ஆனால் பனியில் காரை நிறுத்துவதும் திருப்புவதும் அந்த ரயர்தான். 2016 ஜனவரி தொடக்கம் பனிக்கால ரயர் போடுபவருக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கழிவு கொடுக்கவும் வேண்டும், கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, வேலை நின்றால் சில மாதம் சமாளிக்கக் கையில் ஒரு தொகை. இவை இரண்டும் இல்லாத வீட்டுக்கு இந்தக் கண்ணாடி வேண்டாம் என்பதே என் கருத்து.

பின்செலவையும் பாருங்கள். கல் பட்டு முன் கண்ணாடி வெடித்தால் அக்கூஸ்ரிக் கண்ணாடிக்கு விலை கூட. மலிவான சாதாரணக் கண்ணாடியை மாற்றிப் போட்டால் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய அமைதி அன்றோடு போய்விடும். கண்ணாடி உடைவு உங்கள் காப்புறுதியில் அடங்குமா, எந்த வகைக் கண்ணாடி போடுவார்கள் என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

வாங்குமுன் சோதிக்கும் முறை

"அக்கூஸ்ரிக் கண்ணாடி உண்டா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எந்தெந்த யன்னலில் உண்டு?" என்று கேளுங்கள். பல கார்களில் முன் கண்ணாடிக்கு மட்டுமே உண்டு. சிலவற்றில் முன் கதவுகளுக்கும் உண்டு. பின் கதவுகளுக்கு இருப்பது குறைவு. அம்மம்மாவுக்காக வாங்கப் போனால் இது பெரிய வித்தியாசம்.

நீங்களே பார்க்கவும் வழியுண்டு. கண்ணாடியின் மூலையில் சிறிய எழுத்தில் அதன் வகை அச்சிட்டிருக்கும்: "ரெம்பேர்ட்" என்றால் பதப்படுத்திய கண்ணாடி, "லமினேற்றட்" என்றால் ஒட்டுக் கண்ணாடி. சிலவற்றில் "அக்கூஸ்ரிக்" என்றும் இருக்கும். யன்னலைப் பாதி இறக்கி மேல் விளிம்பைப் பாருங்கள். ஒட்டுக் கண்ணாடியானால் நடுவே ஒரு கோடு தெரியும்.

பிறகு இரண்டு தரக் கார்களையும் ஓடிப் பாருங்கள். விற்பனை நிலையத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடிப்பதால் பயனில்லை. நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லுங்கள். ஒரே வீதி, ஒரே 100 கிலோமீற்றர் வேகம், வானொலி நிறுத்தம், விசிறி குறைவு. ஒருவர் பின் சீற்றில் இருந்து சாதாரணக் குரலில் கதைக்கட்டும். இரண்டு காரிலும் ரயர் அளவு ஒன்றா என்றும் பாருங்கள். மேல்தரக் காரில் பெரிய சில்லும் மெல்லிய ரயரும் வந்தால், கண்ணாடி குறைத்த சத்தத்தை ரயர் திருப்பிக் கொண்டுவந்துவிடும்.

கையெழுத்து வைக்கும் முன் இதெல்லாம் முடியவேண்டும். ஒன்ராறியோவில் விற்பனை நிலையத்தில் காருக்குக் கையெழுத்து வைத்தபின், மனம் மாறியது என்று திருப்பிக் கொடுக்கச் சட்டப்படி அவகாசம் கிடையாது.

ஆபத்து வேளைக்கு ஒரு குறிப்பு

பக்க யன்னலில் ஒட்டுக் கண்ணாடி இருப்பதால் வேறு நன்மைகளும் உண்டு. கள்ளர் இலகுவில் உடைக்கமுடியாது. விபத்தில் ஆள் வெளியே தூக்கி எறியப்படுவதையும் அது குறைக்கும். ஆனால் கள்ளரால் உடைக்க முடியாததை உங்களாலும் உடைக்க முடியாது. அமெரிக்க வாகனச் சங்கமான ஏஏஏ 2019 இல் கண்ணாடி உடைக்கும் 6 கருவிகளைச் சோதித்தது. அவற்றில் 4 பதப்படுத்திய கண்ணாடியை உடைத்தன. ஒட்டுக் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. எனவே உங்கள் காரில் எந்த யன்னல் உடையக்கூடியது என்று இன்றே மூலை எழுத்தைப் பார்த்து, வீட்டிலுள்ள எல்லோருக்கும், பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள்.

முடிவாக

மூன்று கேள்விகளுக்கு வீட்டில் எல்லோரும் இருந்து பதில் சொல்லுங்கள். கிழமையில் பல மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓடுகிறோமா? பனிக்கால ரயருக்கும் அவசரத் தேவைக்கும் பணம் ஒதுக்கியாகிவிட்டதா? ஓடிப் பார்த்தபோது வித்தியாசம் நமது காதுக்கே தெரிந்ததா? மூன்றுக்கும் "ஓம்" என்றால் வாங்குங்கள். பல வருடம் அனுபவிக்கப் போகும் பொருள். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் கீழ்த்தரக் காரையே எடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கீழ்த்தரக் கார் எடுப்பவரும் சத்தத்தைக் குறைக்கலாம். தேவையில்லாதபோது கூரைமேல் சாமான் கட்டும் கம்பிகளைக் கழற்றுங்கள். காற்றை அதிகம் ஊளையிட வைப்பது அதுதான். கதவோர ரப்பரைத் துடைத்து, கிழிந்திருந்தால் மாற்றுங்கள். ரயர் காற்றை அளவாக வையுங்கள். அடுத்த முறை ரயர் மாற்றும்போது சத்தம் குறைந்த வகை எது என்று கேளுங்கள். இவற்றுக்கு 72 மாதக் கடன் தேவையில்லை.

அடுத்த இதழில் இன்னொரு வீட்டுக் கணக்கோடு சந்திப்போம்.